ஐடிலிங்கில் நின்றுபோகும் எஞ்சின்

நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குறையும் சொல்லாமல் வந்த பழைய கார், ஊருக்குள் நுழைந்து சிக்னலில் நின்றதும் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு ஆஃப் ஆகிவிடும். சாவியைத் திருப்பினால் உடனே எடுக்கும். அடுத்த சிக்னலில் மறுபடி ஆஃப். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்க, வியர்க்க விறுவிறுக்க, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமலே வண்டியை வீடு கொண்டுவந்து சேர்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். "எஞ்சின் போச்சு" என்று முடிவுகட்டி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்களும் உண்டு. நல்ல எஞ்சின் உள்ள எத்தனையோ வண்டிகள், ஒரு துண்டு ரப்பர் குழாய்க்காகவும் ஒரு துளி அழுக்குக்காகவும் காயலான் கடைக்குப் போயிருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்ரோல் கார்களில் மூன்றை எல்லாருக்கும் தெரியும். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடர், மும்பை குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினி, 1983 டிசம்பரில் குர்கானிலிருந்து வெளிவந்த மாருதி 800. நெடுங்காலம் ஓடிய அம்பாசடர் பெட்ரோல் எஞ்சின் 1489 சிசி, பத்மினியினுடையது 1089 சிசி. இரண்டுக்கும் நான்கு சிலிண்டர். மாருதிக்கு 796 சிசி, மூன்றே சிலிண்டர். 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகும் வரை இந்த வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்துகொடுத்தது கார்புரேட்டர்தான். இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்தக் காலத்து வண்டிகளைப் பற்றியது. அதற்குப் பின் வந்த இன்ஜெக்ஷன் வண்டிகளையும் கடைசியில் பார்ப்போம்.

சும்மா ஓடுவதுதான் சிரமம்

வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓய்வாக இருக்கிறது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால், வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் சும்மா ஓடும் இந்த ஐடிலிங்கைப் போல எஞ்சினுக்கு நெருக்கடியான நேரம் வேறு இல்லை.

ஐடிலிங்கில் கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டரில் தீப்பிடிக்கும். ஆக ஒரு சிலிண்டருக்கு நிமிடத்தில் 400 தடவை. மாருதியின் மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து 1200, அதாவது நொடிக்கு 20. இந்த 20 சிறு வெடிப்புகளும் தரும் சக்தி, எஞ்சின் தன்னுடைய சொந்த உராய்வை ஜெயிக்கவும், ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றவுமே சரியாகப் போய்விடுகிறது. கையிருப்பு என்று ஒன்றும் கிடையாது.

வேகமாக ஓடும்போது ஒரு கையிருப்பு உண்டு. அது ஃபிளைவீலில் இருக்கிறது. சுழலும் பொருளின் ஆற்றல் சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 3000 சுற்றில் ஓடும் ஃபிளைவீலில், 800 சுற்றில் இருப்பதைப்போல 14 மடங்கு ஆற்றல் சேர்ந்திருக்கும். நடுவில் ஒரு வெடிப்பு தவறினாலும் அது தெரியவே தெரியாது. 800 சுற்றில் ஒன்று தவறினால் வண்டி குலுங்கும். அடுத்தடுத்து இரண்டு மூன்று தவறினால் கதை முடிந்தது.

இதோடு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் கார்புரேட்டரின் திராட்டில் தகடு ஏறக்குறைய முழுதாக மூடிக்கொள்ளும். பிஸ்டன்களோ இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் தகட்டுக்கு அந்தப்புறம், மெனிஃபோல்டில், காற்றழுத்தம் வெளியே இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மெக்கானிக்குகள் வேக்கம் என்று சொல்வது இதைத்தான். சிலிண்டருக்குள் வரும் புதிய கலவை கொஞ்சம். முந்தைய வெடிப்பில் எரிந்து, வெளியே போகாமல் தங்கிவிட்ட புகையோ அதோடு ஒப்பிட்டால் நிறைய. புகை கலந்த இந்த நீர்த்த கலவை சோம்பலாகத்தான் எரியும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது பொது விதி. ஐடிலிங்கில் அதைவிடக் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகக் கொடுத்தால்தான் பழைய எஞ்சின் சீராக ஓடும்.

"எப்ப சார் நிக்குது?"

அனுபவமுள்ள மெக்கானிக் பானட்டைத் தூக்குமுன் கேட்கும் கேள்வி இது. காலையில் எடுத்ததுமா, சூடான பிறகா? சிக்னலிலா, ஓடிக்கொண்டிருக்கும்போதா? ஏசி போட்டாலா, மழை பெய்தாலா? டக்கென்று நிற்கிறதா, இழுத்து இழுத்து நிற்கிறதா? ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு பௌதிகக் காரணம் இருப்பதால், அந்தக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஸ்விட்சை அணைத்தாற்போல் சட்டென்று நின்றால் கரெண்டு வரவில்லை. பொறி நின்ற கணமே எல்லா சிலிண்டரிலும் தீ நின்றுபோகும். முக்கி, இழுத்து, தும்மி நின்றால் பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டர் தொட்டியில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும்போது கலவை நீர்த்துக்கொண்டே போவதால் வரும் குலுக்கல் அது. எல்லா வண்டிக்கும் இது பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் தேடலைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

அடுத்தது, ஐடிலிங்கில் மட்டும் நிற்கிறதா, மிதித்து ஓட்டும்போதும் நிற்கிறதா என்பது. கார்புரேட்டருக்குள் இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன. வண்டி வேகமாக ஓடும்போது காற்று ஒரு குறுகலான கழுத்து வழியாகப் பாய்கிறது. குறுகிய இடத்தில் வேகம் கூடும், அழுத்தம் குறையும். இத்தாலிய விஞ்ஞானி வெஞ்சுரி 1797-இல் விளக்கிய விளைவு இது; கழுத்துக்கும் அவர் பெயர்தான். அந்த அழுத்தக் குறைவு மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும். ஐடிலிங்கில் அந்தக் கழுத்தில் பாயும் காற்று மிகக் கொஞ்சம். மெயின் ஜெட்டை எழுப்ப அதற்கு வலு போதாது. அதற்காகவே திராட்டில் தகட்டுக்குக் கீழே, வேக்கம் பலமாக உள்ள இடத்தில், ஒரு சின்னத் துளை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெட்ரோலை அளந்து கொடுப்பது ஐடில் ஜெட். மெக்கானிக்குகள் வாயில் ஸ்லோ ஜெட். மெயின் ஜெட் நன்றாக இருந்து ஸ்லோ ஜெட் அடைத்துக்கொண்டால், சாலையில் பறக்கும் வண்டி சிக்னலில் படுத்துவிடும்.

இந்த ஜெட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். விரல் நுனியளவு பித்தளைத் திருகு. நடுவில் ஒரு துளை, விட்டம் சுமார் அரை மில்லிமீட்டர். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசிமுனையளவு ஒளிப்புள்ளி தெரியவேண்டும். தெரியாவிட்டால், அல்லது வட்டமாக இல்லாமல் பிறைபோலத் தெரிந்தால், உள்ளே அழுக்கு. டேங்கின் துருத்தூளாக இருக்கலாம். மாதக்கணக்கில் எடுக்காத வண்டியில் பெட்ரோல் ஆவியாகி விட்டுப்போன பிசினாக இருக்கலாம். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். குண்டூசியோ கம்பியோ விட்டுக் குத்தக் கூடாது. பித்தளை மெத்தென்ற உலோகம்; துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அதன் வழியே போகும் பெட்ரோலின் அளவு மாறிவிடும், பிறகு எவ்வளவு ட்யூன் செய்தாலும் ஐடிலிங் உட்காராது.

பல வண்டிகளில் இந்த வழியைத் திறந்து மூட ஒரு சிறிய சோலினாய்டு வால்வு உண்டு. சாவி போட்டால் திறக்கும், அணைத்தால் மூடும். அதற்குப் போகும் ஒற்றை ஒயர் கழன்றிருந்தாலும் இதே கோளாறுதான். சாவியை ஆன் செய்து ஒயரைத் தொட்டு எடுத்தால் 'டிக்' என்று சத்தம் வரவேண்டும். பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் கார்புரேட்டரையே மாற்றுவது வீண்செலவு.

ஸ்லோ ஜெட் சுத்தமாக இருந்தும் ஐடிலிங் உட்காரவில்லை என்றால் ஏர் லீக்கைத் தேடுங்கள். பழைய வண்டியில் இதுதான் அதிகம் ஏமாற்றும் கோளாறு. மெனிஃபோல்டில் வேக்கம் இருப்பதால், அதோடு சேர்ந்த எந்த ரப்பர் குழாயில் வெடிப்பு விட்டாலும், கார்புரேட்டர் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து கலவையை நீர்க்கவைக்கும். நம் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் ரப்பர் இறுகி, முனையில் முடிபோல விரிசல் விடுவது இயல்பு. வண்டி வேகமெடுத்ததும் இந்தக் கோளாறு மறைந்துவிடும். திராட்டில் திறந்ததும் வேக்கம் குறைகிறது, உள்ளே போகும் மொத்தக் காற்றும் பலமடங்கு கூடுகிறது, அந்த வெள்ளத்தில் விரிசல் வழி வரும் காற்று பொருட்டே இல்லை. டெஸ்ட் டிரைவில் "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று ஏமாந்துபோவது இதனால்தான்.

கண்டுபிடிப்பது எளிது. எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, மெனிஃபோல்டிலிருந்து கிளம்பும் குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது ஓட்டம் சீராகிறதோ, அந்தக் குழாயிலோ அது போய்ச் சேரும் இடத்திலோ லீக். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதற்குப் போகும் தடித்த குழாயை மறக்க வேண்டாம். கார்புரேட்டர் அடியிலும் மெனிஃபோல்டு இணைப்பிலும் உள்ள கேஸ்கட்டைச் சோதிக்க, ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீரைப் பூந்தூறலாக அடித்தால் போதும். லீக் உள்ள இடத்தைத் தண்ணீர் ஒரு கணம் அடைக்கும். எஞ்சின் சத்தம் மாறும். பெட்ரோலையோ கிளீனரையோ சூடான எஞ்சின்மேல் பீய்ச்சி இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தீப்பிடிக்கும், செய்யாதீர்கள்.

ஏசி போட்டால் மட்டும் நிற்கிறது என்றால், கம்பிரஸர் சுமை ஏறும்போது திராட்டிலைக் கொஞ்சம் திறந்துவிடும் ஐடில்-அப் அமைப்பைப் பார்க்க வேண்டும். அதுவும் பெரும்பாலும் வேக்கத்தில் இயங்குவதுதான்.

கரெண்டு எங்கே போனது?

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் கண்ட வழி 1910-இல் காடிலாக் கார்களில் வந்தது. அம்பாசடரும் பத்மினியும் நெடுங்காலம் நம்பியிருந்தது ஏறக்குறைய அதையேதான். காயிலின் முதல் சுற்றில் சில ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகள் திறந்ததும் அது அறுபடும். காந்தப்புலம் திடீரென்று சரியும்போது, பல்லாயிரம் திருப்பங்கள் கொண்ட இரண்டாம் சுற்றில் பெரும் மின்னழுத்தம் எழும். கரெண்டு எவ்வளவு சட்டென்று அறுபடுகிறதோ அவ்வளவு பலமான பொறி. பாயிண்ட் திறக்கும்போது அதன் குறுக்கே தீப்பொறி பறந்தால் அறுபடுவது தாமதமாகும். அதைத் தடுக்கத்தான் பக்கத்தில் கண்டன்சர்.

கண்டன்சர் பழுதானால் பாயிண்ட் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு முகத்தில் குழி, எதிர்முகத்தில் அதே அளவு மேடு. ஓரமெல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் சில நாள் தாங்கும். சரியான வழி, பாயிண்ட்டையும் கண்டன்சரையும் சேர்த்து மாற்றுவதே. அம்பாசடரில் பாயிண்ட் இடைவெளி 0.36 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். ஃபீலர் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பாயிண்ட்டின் குதிகால் கேமில் உரசித் தேயத்தேய இடைவெளி குறையும், பொறி பிந்தும், முதலில் அடிவாங்குவது ஐடிலிங்.

பிளக்கைக் கழற்றினால் கலவையின் சரித்திரமே அதன் முனையில் எழுதியிருக்கும். வெளிர்பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. கரிபிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம்: சோக் முழுதாகத் திறக்கவில்லை, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகிறது. வெள்ளையாக வெந்திருந்தால் காற்று அதிகம். ஏர் லீக் தேடலுக்குத் திரும்புங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எஞ்சின் உள்ளே தேய்மானம்.

மழைக்காலத்தில் மட்டும் நிற்கும் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்து கசிந்து பென்சிலால் கிழித்ததுபோல் கரிக்கோடு போட்டிருக்கும். துடைத்தால் போகாது, மூடியை மாற்ற வேண்டும். பேட்டரி முனைகளில் பூக்கும் வெள்ளைப் பூச்சும், பாடிக்குப் போகும் எர்த் பட்டையின் தளர்ந்த போல்ட்டும்கூடக் கரெண்டைத் தடுக்கும்.

சூடானதும் நின்று, அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி எடுக்கும் வண்டியில் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். சூட்டில் செப்புக்கம்பி விரியும்போது உள்ளே அறுந்த முனைகள் பிரிகின்றன, ஆறினால் சேர்கின்றன. நின்றவுடனே ஒரு பிளக் ஒயரில் பொறி வருகிறதா என்று பார்த்தால்தான் இது பிடிபடும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். பார்க்கும்போது ஒயரை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது.

சூடும் மூச்சும்

சூட்டில் நிற்பதற்கு இன்னொரு காரணம் பெட்ரோலே. அது ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் திரவம் அல்ல. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் லேசானவை ஏறக்குறைய 35 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். அம்பாசடரின் பெட்ரோல் பம்ப் எஞ்சின்மேலேயே பொருத்தியது. மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, முதல் இரண்டு கியர்களிலேயே ஊட்டி ஏறும் வண்டியை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் கொதிக்கிறது, காற்றோட்டம் குறைவு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம் என்பதால் மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைந்து கொதிநிலையும் இறங்குகிறது. பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் டயாஃப்ரம் ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும், பெட்ரோல் நகராது. டிரைவர்கள் ஏர் லாக் என்பார்கள். பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு மலையேறிய பழைய டிரைவர்கள் செய்தது சுத்தமான விஞ்ஞானம்: தண்ணீர் ஆவியாக வேண்டிய வெப்பத்தைப் பம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

டேங்க் மூடியையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெட்ரோல் குறையக்குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். அதற்கு மூடியிலோ டேங்கிலோ ஒரு சுவாசத்துளை உண்டு. அது தூசியில் அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வேக்கம் உருவாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். வண்டி கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, பிறகு இழுத்து இழுத்து நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் எடுக்கும். நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி சாதாரணமாக ஓடினால் காரணம் அதுதான்.

இப்போது புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் நம் பங்க்குகளில் படிப்படியாக வந்துவிட்டது. எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் இந்தக் கலவைக்கு 14.7 பங்கு காற்று வேண்டாம், சுமார் 13.5 போதும். பழைய ஜெட்டோ பழைய கணக்குக்கே அளந்து கொடுக்கிறது. விளைவு, எஞ்சினுக்குக் காற்று மிகுந்த கலவை. விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த ஐடிலிங் அந்த விளிம்பைத் தாண்டிவிடுகிறது. ஐடிலிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்குரூவைச் சிறிது திறந்து ட்யூன் செய்தால் பல வண்டிகள் சரியாகும். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும், டேங்கில் படிந்திருக்கும் கசடைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவதும், வண்டியை மாதக்கணக்கில் அசையாமல் நிறுத்திவைக்காததும் இனி தவிர்க்க முடியாதவை. இன்றைய பெட்ரோலில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் குழாய்தான் என்பது என் கருத்து.

2000-க்குப் பின் வந்த இன்ஜெக்ஷன் வண்டிகளும் இன்று பழையவையே. அவற்றில் ஸ்லோ ஜெட் செய்த வேலையைத் திராட்டில் பாடியும் ஐடில் கன்ட்ரோல் வால்வும் செய்கின்றன. தகட்டின் விளிம்பில் கரிப்பிசின் சேர்ந்தால் அந்த மெல்லிய காற்றுவழி அடைபடும்; கிளீனரும் துணியும் கொண்டு துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். துடைத்த பிறகு சில நாள் ஐடிலிங் ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம்; கம்ப்யூட்டர் புது அளவைக் கற்றுக்கொள்கிறது. சூடானதும் சட்டென்று நின்று, ஆறினால் எடுக்கும் இன்ஜெக்ஷன் வண்டியில் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார்மேல்.

வண்டி ஓடும்போதே எஞ்சின் நின்றால், பூஸ்டர் உள்ள வண்டியில் இரண்டொரு முறை மிதிக்கும் அளவுக்கே பிரேக்கில் உதவி மிஞ்சியிருக்கும். பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி, வண்டி நிற்கும்வரை சாவியை உருவாமல் ஓரம் கட்டுங்கள். வீட்டில் சோதிக்கும்போது ஷெட் கதவை மூடிவைத்து எஞ்சினை ஓட்டாதீர்கள். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

அடுத்த முறை வண்டி நின்றால் உடனே செல்ஃப் அடிக்காமல், எப்போது நின்றது, எஞ்சின் சூடா ஆறியதா, டக்கென்றா இழுத்தா, ஏசி ஓடிக்கொண்டிருந்ததா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது "வண்டி ஆஃப் ஆகுது" என்று மட்டும் சொல்லாமல் அந்தத் தாளைக் கொடுங்கள்.